விரல் நின்ற வரி

இன்று காலை, நான் வேலை பார்க்கும் வாசகசாலைக்குப் புதுப் புத்தகங்கள் வந்தன. கோணியில் சுற்றி, நாலு பக்கமும் தைத்து அனுப்பியிருந்தார்கள். பிளேடால் சணலை அறுத்துத் தையலைப் பிரித்துக்கொண்டு வந்தபோது அந்த வாசனை எழுந்தது. சணலில் ஏறியிருக்கும் எண்ணெயும், பழைய புழுதியும், எப்போதோ அந்தக் கோணியில் இருந்த பிண்ணாக்கும் கலந்த வாசனை. என் கை நின்றுவிட்டது. தையலைத் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் முடிச்சுப் போடாமல், நூலைப் பின்னுக்கு இழுத்து உள்ளே செருகிய தையல். நீ அப்படித்தான் தைப்பாய். முடிச்சு இருந்தால் மூட்டை தூக்குகிறவன் தோளில் உறுத்தும் என்பாய்.

இது உன் கை வேலையாக இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இருந்தாலும் அந்தச் சணல் துண்டைக் குப்பையில் போட மனம் வராமல் மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

மூட்டைக்குள் மேலாக இருந்தது எந்தப் புத்தகம் தெரியுமா? நம் நாவல். நான் கோணிக் கிடங்கில் உங்கள் எல்லோருக்கும் படித்துக்காட்டிய அதே நாவல், புதுப் பதிப்பு, வழவழப்பான அட்டை. அட்டையில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மழை, மழையில் ஓர் ஆண். முன்னுரை எழுதிய பெரியவர், உண்மைக் காதல் இன்னதென்று அறிய விரும்பும் இளைஞர்கள் இதைக் கட்டாயம் படிக்கவேண்டும் என்கிறார். நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். அந்த வரி இருந்த இடத்தில் இருந்தது. 'அவள் தலை குனிந்தாள். தன் மூன்று வருஷத் தவம் பலித்ததென்று அவன் அறிந்தான்.'

எப்படி அறிந்தான் என்று நீ கேட்பாய். நீ கேட்ட கேள்விக்கு இந்தப் பதிப்பிலும் பதில் இல்லை.

நாம் சந்தித்தபோது எனக்குப் பதினேழு வயது. எட்டாவது படித்து முடித்திருந்தேன். துறைமுகத்தில் என் அப்பாவின் வலது கை கப்பிக் கயிற்றில் சிக்கியபின் வீட்டில் யாராவது வேலைக்குப் போயாக வேண்டியிருந்தது. கொருக்குப்பேட்டை ரயில் பாதையை ஒட்டிய கோணிக் கிடங்கில் கிழிந்த கோணிகளைத் தைக்கும் வேலை கிடைத்தது. முதல் வாரம் முழுதும் கோணி ஊசி என் கையைத்தான் தைத்தது. பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். நெட்டுக்குப்பத்திலிருந்து தினமும் எண்ணூர் ரயிலேறி வருகிறவள் என்பதால் கிடங்கில் எல்லோரும் உன்னை 'நெட்டுக்குப்பம்' என்றே கூப்பிட்டார்கள். என்னைவிட நாலு வயது பெரியவள் நீ. ஒருநாள் அக்கா என்று கூப்பிட்டேன். "உங்கம்மா வவுத்துலயா பொறந்தேன்? சொம்மா நீ வா போன்னு பேசு" என்று அதோடு முடித்துவைத்தாய்.

அந்த நாவல் என்னிடம் வந்ததே ஒரு கதை. யுத்தத்தில் குண்டு விழும் என்று பட்டணம் காலியானபோது, எங்கள் தெருவிலிருந்து ஊருக்குப் போன ஒரு குடும்பம் ஒரு டிரங்குப் பெட்டியை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. அவர்கள் திரும்பவே இல்லை. பெட்டி நிறையப் புத்தகம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதிலிருந்து அந்தப் பெட்டிதான் எனக்கு உலகம். அதிலும் அந்த நாவலை ஆறு முறை படித்திருந்தேன். சாப்பாட்டு வேளையில் ஏழாவது முறையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படித்துக்கொண்டிருந்தபோது நீ பிடித்தாய்.

"இன்னாது அது, ஜெப புக்கா?"

"இல்ல, கதை."

"கதையா? அத்த இன்னாத்துக்கு நீ மட்டும் முழுங்கறே? வாய் வுட்டுப் படி. நாங்களும் கேக்கறோம்."

மறுநாளே நீ ஓர் ஏற்பாடு செய்துவிட்டாய். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிச் சங்கு ஊதும்வரை நான் படிப்பது. என் பங்குக் கோணிகளைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கு ஒன்றாகத் தைத்து என் அடுக்கில் சேர்ப்பது. மேஸ்திரி முணுமுணுத்தார். "யோவ் மேஸ்திரி, உனுக்குக் கோணி வேணுமா, இது வாய மூடிக்கினு குந்தணுமா? கோணி கொறஞ்சா என்னக் கேளு" என்றாய். ஒரு வாரத்தில் மேஸ்திரியின் முக்காலியே மெல்ல மெல்ல நம் பக்கம் நகர்ந்து வந்ததை நாம் இருவரும் பார்த்துச் சிரித்தோம்.

கிடங்கில் வெளிச்சம் வாசல் வழியாக மட்டும்தான் வரும். பறக்கிற தூசியில் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு படிப்பேன். மற்றவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நீ என் விரலைப் பார்ப்பாய். ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டே, எழுத்துத் தெரியாத நீ, அந்த விரல் போவதையும் ஓரத்தில் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பாய்.

கதை உனக்கு நினைவிருக்கும். ஜமீன் வீட்டு மகன் ஆற்றங்கரையில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அவளுக்கு ஒரு பூவின் பெயர். அன்றிலிருந்து அவள் வீட்டு எதிரில் நிற்கிறான். அவள் ஜன்னலை மூடுகிறாள். மழையில் நிற்கிறான். கடிதம் அனுப்புகிறான். அவள் கிழித்துப்போடுகிறாள். கிழித்த துண்டுகளை அவன் பொறுக்கிப் பட்டுத்துணியில் முடிந்துவைத்துக்கொள்கிறான். அந்த இடத்தில் என் குரல் தழுதழுக்கும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

நீ மட்டும் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாய். "அல்லாம் சரி. அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு?"

"அவ வெக்கத்துல பேசல" என்றேன்.

"வெக்கப்பட்டா ஜன்னல மூடுவாங்களா? நான் ஒண்ண மூடினா, அது மூடி இருக்கணும்னுதான் மூடுவேன்."

"உனுக்குக் காதல்னா இன்னான்னு தெரிமா நெட்டுக்குப்பம்? போய் வலையில மீன் ஆயு" என்றாள் எதிர் வரிசையில் தைத்துக்கொண்டிருந்த அஞ்சலை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அஞ்சலை சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அவள் தம்பிதான் உன்னை நினைத்துக்கொண்டிருந்தவன். ரயில்வே யார்டில் கலாசி வேலை. இரண்டு வருஷமாகத் தினமும் மாலையில், நீ ரயிலுக்குப் போகும் வழியில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை, கிட்டே வந்ததில்லை. கையில் ஒரு பூப்பொட்டலம் இருக்கும். நீ கடந்து போனதும் அதை அங்கேயே வேலியில் மாட்டிவிட்டுப் போய்விடுவான். எனக்கு அவன் நாவலிலிருந்து நேராக இறங்கி வந்தவனாகத் தெரிந்தான். ஒருநாள் உன்னிடம் சொன்னேன்.

"ஒரு வார்த்தையாச்சும் பேசக்கூடாதா? பாவம், எவ்ளோ நாளா நிக்கிறான்."

"நான் நிக்கச் சொன்னேனா?" என்று திருப்பிக் கேட்டாய். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "கேட்டாண்ட அவிச்ச கடல விக்கிறாளே ஒரு ஆயா, அத்தாண்ட கடல வாங்கித் துண்ணு ரெண்டு வருசம் ஆவுது. அங்க நின்னா அவனுக்காக நிக்கிறேன்னு சொல்லுவாங்க. எனுக்கு அவிச்ச கடலன்னா உசுரு" என்றாய்.

நான் அதைக் கேட்டேன். ஆனால் கேட்டுக்கொள்ளவில்லை. பதினேழு வயதில், மழையில் நிற்கும் ஒரு மனிதனுக்கு முன்னால் அவித்த கடலை எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. நாயகன் ஒரு விடியற்காலையில் அவள் தோட்டத்து மாமரத்தில் அவள் பெயரைச் செதுக்குகிறான், அவள் தினமும் கண்விழித்ததும் பார்க்கவேண்டும் என்று. வேறெதையும் நான் என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் படித்ததில்லை. அஞ்சலை விம்மி விம்மி அழுதாள். அழுதவள் வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் ஒரு வரி விடாமல் சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை மாலை அவன் கேட்டுக்குப் பக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றான். முன்கையில், வீக்கம்கூட வடியாமல், உன் பெயர் பச்சை குத்தியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கிடங்கே கல்யாண வீடுபோல் இருந்தது. "யம்மே, மரத்துல இல்லமே, தோலுலயே எழுதிக்கினான்!" "குட்த்து வெச்சவடி நீ." நீ தைத்துக்கொண்டே இருந்தாய். மூன்று மணிச் சங்கு ஊதியபின் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாய். உன் உதடு வெளுத்திருந்தது.

"என் பேரு அது. என்னக் கேக்காம எட்த்துக்கினு போய்க் கையில வெச்சிக்கினான். அவன் யார்டுல துண்ணும்போதும், சலூன்ல குந்தும்போதும் அல்லாரும் என் பேரப் படிப்பாங்க. நான் எண்ணூர்ல என் வூட்டுல படுத்துக்கினு கீறேன், என் பேரு கொருக்குப்பேட்டைல சுத்திக்கினு கீது. இனிமே எவன் வருவான் என்னக் கேட்டு?" பிறகு என்னை நேராகப் பார்த்தாய். "இந்த ரோசன அவனுக்கு எங்கேந்து வந்துச்சு?"

உனக்குத் தெரிந்துதான் கேட்டாய். எனக்கும் தெரியும். நான் தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே செய்தி நெட்டுக்குப்பம் போய்ச் சேர்ந்தது. உன் அம்மா, பெயர் கெட்டபின் இனி வேறு வழியில்லை என்று அழுதாள். அஞ்சலை நாள் குறித்துவிட்டாள். சனிக்கிழமை கதை முடிகிறது. அன்றைக்கு உன் அம்மாவும் கிடங்குக்கு வருவாள். கதை முடிந்த கையோடு அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது. "அந்தக் கதைல அவ ஒத்துக்கற எடத்தக் கேட்டா, கல்லுகூடக் கரையும். இவ கரைய மாட்டாளா?" என்று அவள் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, கை கால் கூடக் கழுவாமல் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். ஒரு காரியம் செய்தேன். அந்தப் பெண் எங்கெங்கே பேசுகிறாள் என்று முதல் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வந்தேன். ஏழு முறை படித்தவள் நான், ஒருமுறையும் அப்படித் தேடியதில்லை. கிளியோடு பேசுகிறாள். வேலைக்காரியோடு பேசுகிறாள். அம்மனிடம் பேசுகிறாள், அதுவும் தகப்பனுக்குக் காய்ச்சல் தீரவேண்டும் என்று. நாயகனிடம் அந்த முந்நூறு பக்கத்தில் அவள் சொன்னது இரண்டே சொல். "வழியை விடுங்கள்." அதை அவன் வீணை இசை என்கிறான். ஒரு பக்கம் முழுதும் அந்த இசையை வர்ணிக்கிறான்.

உனக்குச் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பாய் என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. நீ கேட்ட ஒரே கேள்வி, தொடக்கத்திலேயே கேட்டது, அதற்குப் பதில் இதுவரை அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். ஜன்னலால் சொன்னாள், கிழித்த காகிதத்தால் சொன்னாள், வாயாலும் சொன்னாள். எழுதியவருக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை.

சனிக்கிழமை உன் அம்மா வாசற்படியோரம் மடியில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தாள். அஞ்சலை புதுப்புடவையில் வந்திருந்தாள். நான் படிக்கத் தொடங்கினேன். நாயகன் நோயில் மெலிந்து அவள் வாசலில் வந்து விழுகிறான். ஊர் கூடுகிறது. தகப்பன் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறான். 'அவள் தலை குனிந்தாள்' என்ற வரி வந்தது.

நான் அதைப் படிக்கவில்லை. என் வாயிலிருந்து வேறு வந்தது.

"'ஐயனே, தங்கள் அன்பு கடலினும் பெரிது. அதற்கு ஈடு செய்ய இந்தப் பிறவியில் என்னிடம் ஏதுமில்லை. ஆயினும் நோயுற்ற என் தந்தைக்குப் பணிவிடை செய்வதென்று நான் விரதம் பூண்டிருக்கிறேன். என்னை மன்னித்து மறந்துவிடுங்கள். தாங்கள் எங்கிருந்தாலும் நீடூழி வாழ, தினமும் அம்மன் சன்னிதியில் விளக்கேற்றுவேன்' என்று கூறி அவள் கண்ணீர் சொரிந்தாள்."

நாவல் தமிழ் எனக்கு அவ்வளவு பழகியிருந்தது. நிற்காமல் வந்தது.

படித்து முடித்து நிமிர்ந்தேன். பிறகு ஒரே இரைச்சல்.

"இன்னாமே இது! இத்தினி நாளு உனுக்குக் கோணி தச்சுக் குட்த்தது இத்த கேக்கறதுக்கா?"

"அந்த ஆளு அப்பால இன்னா ஆனான்? செத்துட்டானா?"

அஞ்சலை எழுந்து வந்து என் எதிரில் நின்றாள். "இது புக்குல இல்ல. எங்க கீது காட்டு." அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மேஸ்திரிக்குத் தெரியும். "மேஸ்திரி, நீ வா. நீ பட்ச்சிச் சொல்லு."

மேஸ்திரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார். அவள் தலை குனிந்தாள். தன் மூன்று வருஷத் தவம் பலித்ததென்று அவன் அறிந்தான்.

"அடிப்பாவி" என்றாள் அஞ்சலை. "உன்ன நம்பிக் கேட்டுக்கினு இருந்தோமே! பட்ச்ச திமிரு."

உன் அம்மா எதுவும் விளங்காமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் நீட்டிய கையை மடக்கவும் மறந்து நின்றேன். எல்லாம் கெட்டுவிட்டது, உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று போய் உன்னை இன்னும் மாட்டிவைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் நீ ஊசியைக் கோணியில் குத்திவிட்டு எழுந்தாய். புடவையில் ஒட்டியிருந்த சணல் தூசியைத் தட்டினாய். உன் குரலில் கோபம்கூட இல்லை.

"அஞ்சல, அந்தப் பொண்ண யாரும் கேக்கல. அது புக்கு. நான் இங்கதான குந்திக்கினு கீறேன்? ரெண்டு வருசத்துல ஒரு தபா நீங்க யாராச்சும் என்னக் கேட்டீங்களா? இப்பக் கேளு."

அஞ்சலை திகைத்தாள். பிறகு, கேட்பதில் என்ன கஷ்டம் என்பதுபோல், "கேக்கறேன். என் தம்பியக் கட்டிக்கிறியா?" என்றாள்.

"வேணாம்."

"ஏன்? அவனுக்கு இன்னா கொற?"

"ஒரு கொறயும் இல்ல. வேணாம்."

"அப்பறம் ஏன்டி?"

"வேணாம் அஞ்சல."

அவ்வளவுதான். உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாய். உன் அம்மா மெதுவாக வெற்றிலையை மடியில் சுருட்டி முடிந்துகொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஊசியை எடுத்தார்கள்.

அன்று மாலை ரயில்வே கேட்டில் நீ நின்றாய். அவன் எதிர்ப்பக்கம் இருந்தான். அக்காள் அதற்குள் ஆள் அனுப்பிச் சொல்லியிருப்பாள். நீ அவனைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமல் இருக்கப் பாடுபடவும் இல்லை. கடலைக்காரக் கிழவியிடம் இரண்டு பொட்டலம் வாங்கினாய். உன் அம்மாவின் கையில் ஒன்று வைத்தாய். மற்றதை நாம் இருவரும் அங்கேயே, கேட்டுக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, உரித்துத் தின்றோம். ஒரு சரக்கு வண்டி முழுசாகக் கடந்து போகும்வரை தின்றோம்.

"எனுக்குத் தெரியும்" என்றாய் திடீரென்று.

"என்னது?"

"நீ கதைய மாத்துறன்னு. மேஸ்திரி வர்றதுக்கு முந்தியே. உன் வெரல் நின்னுப்போச்சு. வாய் மட்டும் போய்க்கினே இருந்துச்சு."

நான் வெட்கத்தில் தலை குனிந்தேன். நீ என் முகவாயைப் பிடித்துத் தூக்கினாய். "இன்னா, நீயும் அவளாட்டம் குனியறே? நிமுந்து கேளு. அவ வாயத் தொறந்தது நல்லாதான் இருந்துச்சு. ஆனா நீ குட்த்த வசனம் ரொம்ப நீட்டு. வேணாம்னு சொல்றதுக்கு எதுக்கு அழுவணும்? எதுக்கு அவனுக்கு வெளக்கேத்தணும்?"

எத்தனையோ விமரிசனங்கள் படித்திருக்கிறேன். அந்த நாவலைப் பற்றியும், அதைத் திருத்த முயன்ற என்னைப் பற்றியும் இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. அவளைப் பேசவைக்க நினைத்த நானும் அவள் வாயில் மன்னிப்பைத்தான் வைத்தேன். மறுக்கும் பெண்ணுக்கு ஒரு நோயாளித் தகப்பனாவது வேண்டும் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது.

அவனைக் கெட்டவன் என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை. "அவனும் கதைதான் கேட்டான், பாவம்" என்பாய். கொஞ்ச நாளில் அவன் நிற்பதை விட்டான். வேறு இடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்க் கல்யாணமும் செய்துகொண்டான். ஒருமுறை ரயிலில் அவனைப் பார்த்துவிட்டு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாய்: "என் பேரு மேல ஒரு மயிலு ஒக்காந்துகினு கீது! தோக விரிச்சி. நல்லாத்தான் கீது, எழுத்தவிட." அஞ்சலை ஒரு மாதம் நம்மோடு பேசவில்லை. பிறகு அவளே வந்து, "அட்த்த கதைல எவனாச்சும் மரத்துல செதுக்கினா மொதல்லயே சொல்லிடு, நான் எழுந்து வூட்டுக்குப் போயிடறேன்" என்றாள். அன்றே என் பங்குக் கோணியையும் தைத்தாள்.

பெயர் போய்விட்டது, இனி எவனும் வரமாட்டான் என்று பயந்தாயே, எவனும் வர நீ காத்திருக்கவில்லை. எண்ணூர் உப்பளத்தில் வேலை செய்த ஒருவரிடம் நீயே போய், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டாய். "பத்து நாளு ரோசன பண்ணித்தான் சொல்லுவேன்னுச்சு. பண்ணட்டும், கேட்டா ரோசன பண்ணத்தான வேணும்" என்று எனக்குச் சொன்னபோது உன் முகத்தில் இருந்ததை எந்த நாவலிலும் எவரும் எழுதி நான் பார்த்ததில்லை. பத்தாம் நாள் அவர் சரி என்றார். உன் கல்யாணத்தில் எனக்குப் பிடித்த சாப்பாடு கிடைத்ததோ இல்லையோ, ஒரு முறம் அவித்த கடலை கிடைத்தது.

போன மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள்காமாலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. காசிமேட்டில் மீன் வாங்கும்போது உங்கள் குப்பத்துப் பெண் ஒருத்தி சொல்லித்தான், எல்லாம் முடிந்து பதினோரு நாளைக்குப் பிறகு, தெரிந்தது. நான் உன் வீட்டுக்கு வந்தபோது உன் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "அது உங்க பேச்சு பேசிக்கினே இருக்கும். வெரலு வெச்சிப் படிக்கிற பொண்ணுன்னு" என்றார். என் பெயரை அவரிடம் நீ சொல்லியிருக்கவே இல்லை.

வாசகசாலையில் மாதம் ஒருமுறை பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். சென்ற மாதம் ஒருவர் என்னைப் பார்த்து, "இவ்வளவு படித்த பெண், இன்னும் பாலபாடம் மாதிரி விரல் வைத்துப் படிக்கிறாயே" என்றார். நான் சிரித்து வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டுவிட்டேன், மேஜைக்கு மேலேயே மின்விளக்கு இருக்கிறது. விரல் எனக்குத் தேவையில்லைதான். ஆனால் நீ பார்த்துக்கொண்டிருந்த அந்த விரலை எடுத்துவிட்டு எனக்குப் படிக்கத் தெரியவில்லை. எத்தனை பெரிய எழுத்தாளரானாலும், எவ்வளவு அழகான வரியானாலும், ஒரு பெண்ணைக் கேட்காமல் கதை தாண்டிப்போகிற இடத்தில் அது நின்றுவிடுகிறது. நான் நிறுத்துவதில்லை, தானாக நிற்கிறது.

அந்த நாவலை நான் வெறுக்கவில்லை. அதில் ஆற்றில் வெள்ளம் வரும் இடத்தை இன்னும் யாராலும் அப்படி எழுத முடியாது. அதில் வரும் தோணிக்காரனை உனக்கும் பிடிக்கும்: "கத பூரா ஒயுங்கா இருக்கறவன் அவன் ஒருத்தன்தான், அவனுக்கு ரெண்டே பக்கம்." அதனால் புத்தகத்தை ஒளித்துவைக்கவில்லை. எண் ஒட்டி, முத்திரை குத்தி, எல்லோரும் எடுக்கிற அலமாரியில்தான் வைக்கப்போகிறேன். புத்தகங்களில் எழுதக்கூடாது என்று சுவரில் எழுதி மாட்டியவள் நான்தான், ஆகவே எழுதவும் இல்லை.

இழுப்பறையிலிருந்து அந்தச் சணல் துண்டை எடுத்தேன். கடைசி அத்தியாயத்தில், அவள் தலை குனியும் பக்கத்தில் அதை வைத்து மூடினேன். முடிச்சுப் போடவில்லை, யாருக்கும் உறுத்தாது. இனி யார் எடுத்துப் படித்தாலும், அவர்கள் விரல் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்கும்.